ஒரு கைப்பிடித் தவிடு

குண்டசாலை,
வியாழன் காலை.

அன்புள்ள தங்கச்சி கமலாசனிக்கு,

அண்ணன் தியாகராஜா எழுதுவது. பிரஷரும் முழங்காலும் தவிர நான் பூரண சுகம். உன்னையும் மச்சானின் கண்ணையும் நல்லூர்க் கந்தன் பார்த்துக்கொள்வான். போனில் சொல்லியிருக்கலாம், நீ இடையிடையே "ஐயோ அண்ணை" என்பாய், எனக்குச் சொல்ல வந்தது விட்டுப்போகும். ஆகவே கடிதம். வாசித்து முடித்ததும் கிழித்துவிடு.

பென்சன் எடுத்த பிறகு சும்மா இருக்க ஏலாமல் பிள்ளை வளர்ப்புத் திட்டமொன்றில் சேர்ந்தேன் என்று சொன்னேனே, அதுதான் கதை. கலியாணமே கட்டாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று நீ சிரித்தாய். சிரித்தது சரிதான். திட்டத்தின் பெயர் "வேரடித் தாய்மை." மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தாய்மாரிடம் வெளிநாட்டு முறைகளைத் திணிக்காமல், அவர்களுடைய சொந்த வழக்கங்களைக் கேட்டறிந்து, அந்த வழியிலேயே பிள்ளை வளர்க்கத் துணை நிற்பது நோக்கம். நல்ல நோக்கம், நான் குறை சொல்லமாட்டேன். பொறுப்பாக இருப்பவள் துஷாந்தி, படித்த கெட்டிக்காரப் பிள்ளை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில்தான் கூட்டம். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று பெரிய பனர் அடித்துக் கட்டினாள். வந்ததெல்லாம் பகல் முழுக்க மலை ஏறி இறங்கின பெண்கள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுங்கள் என்று துஷாந்தி சொல்ல, ஏழு பேர் அப்படியே நித்திரை. தாலாட்டுப் பாடச் சொன்னால் ஒருத்தி சினிமாப் பாட்டுப் பாடினாள். அதை மரபுப் பாடல் என்று ஒலிப்பதிவு செய்தோம்.

என் வேலை, கேட்டு எழுதி ஆங்கிலப்படுத்துவது. நாற்பது வருசம் அரசாங்கக் கந்தோரில் பேனா பிடித்தவன் நான். சொன்னதற்கு மேல் ஒரு சொல் எழுதினதில்லை, ஒரு சொல் குறைத்ததும் இல்லை. றஞ்சனா என்றொரு பெண் வந்து இருந்தாள். வயது இருபத்தாறு. மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை, கூப்பிடுகிற பெயர் தவுடு. "இதென்ன பிள்ளை பேர்?" என்றேன்.

"முந்தி பொறந்த ரெண்டும் நாப்பது நாளு தாண்டலைங்க ஐயா. அதான் இத மூணாம் நாளே மொறத்துல வச்சு குப்பமேட்டுல போட்டோம். பக்கத்து வீட்டு கறுப்பையா அண்ணன் ஒரு கைப்பிடி தவுடு குடுத்து வாங்கிக்கிட்டாரு. இப்ப இது அவரு புள்ள. நான் சும்மா பால் குடுக்கிறவ. பெத்தவ எம் புள்ளன்னு சொன்னாத்தானேங்க எமன் தேடி வருவான்? அஞ்சு வயசு வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இவ்வளவும் சொல்லிக்கொண்டே பிள்ளையின் உள்ளங்காலை நீவிக்கொண்டிருந்தாள். படிவத்தில் இரண்டு வரிதான் இடம். எழுதினேன்: "தாய், பிறந்து மூன்றாம் நாள் பிள்ளையை அயலவருக்கு விற்றார். பெற்றது: தவிடு, ஒரு கைப்பிடி." சொன்னது சொன்னபடி. ஆங்கிலத்திலும் ஒரு பிழை இல்லை, அதுதான் வினை.

அந்தப் படிவம் மேலே போய், இன்னும் மேலே போய், ஆரோ வாசித்து, பத்தாம் நாள் தோட்டத்துக்குப் பொலிஸ் வான் வந்தது. பிள்ளை வாங்கினவர் என்று கறுப்பையாவைப் பிடித்தார்கள். அந்த மனுசனும் என்னைப் போல ஒரு மடையன், கேட்டதற்கெல்லாம் உண்மையையே சொல்லியிருக்கிறான்: ஓமுங்க, வாங்கினேன், தவுட்டுக்குத்தான் வாங்கினேன். தவுடுவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். றஞ்சனா பெக்டரி வளைவு வரைக்கும் வானுக்குப் பின்னால் ஓடினாளாம். ஓடும்போதும் "எம் புள்ள" என்று கத்தவில்லையாம், "கறுப்பையா அண்ணன் புள்ளயக் குடுங்க" என்றுதான் கத்தினாளாம். துஷாந்தி இதைச் சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை தங்கச்சி. இது வெறும் சம்பிரதாயம் என்று ஒன்பது விளக்கக் கடிதம் எழுதினேன். ஒன்பதுக்கும் கடிதம் கிடைத்தது என்று ஒழுங்காகப் பதில் வந்தது.

போன வாரம் கோர்ட்டில் விசாரணை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு லீவு. நான் செய்கிறேன் என்று எழும்பினேன். விசாரித்த அம்மா நல்ல மனுசி. சிங்களத்தில் சொன்னா: "சம்பிரதாயம் என்பது விளங்குகிறது. பிறப்புச் சான்றிதழும் சரி. தாய் தன் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும், இது என் பிள்ளை, எனக்கு வேண்டும் என்று." நான் தமிழில் கேட்டேன். றஞ்சனா நிலத்தைப் பார்த்தாள். பால் கட்டிச் சட்டை நனைந்திருந்தது.

"எம் புள்ள இல்லீங்க ஐயா."

"பிள்ளை, ஒருக்கால் சொல்லு. சொன்னால் தந்திடுவினம்."

"குடுக்காட்டியும் உசுரோட இருக்கும்லங்க," என்றாள்.

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டா. நான் சிங்களத்தில் சொன்னேன்: "இது என் பிள்ளை, எனக்கு வேண்டும் என்கிறார்." நாற்பது வருசத்துக்கும் சேர்த்து ஒரே பொய். றஞ்சனாவுக்கும் கொஞ்சம் சிங்களம் விளங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டது. கறுப்பையாவையும் விட்டுவிட்டார்கள். எல்லாம் சுபம். ஆனால் நான் செய்தது பொய்ச்சாட்சி, அதனால்தான் கிழிக்கச் சொன்னேன். திட்டத்துக்கு விலகல் கடிதம் கொடுத்தாயிற்று. இனி மடுல்கெல்லப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். எமனும் தவிடும் பயந்த சனத்தின் கதை. நீயும் பேரனுக்குக் கறுப்புப் பொட்டு வைக்கிறதை இன்றோடு விடு.

மச்சானைக் கண்ணுக்கு மருந்து விடச் சொல்லு. சின்னவனுக்கு என் முத்தம். எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அண்ணன்,
தியாகராஜா

பி.கு: உறையை ஒட்டப் போகிறேன், துஷாந்தியிடம் விலாசம் வாங்கி வந்து வாசலில் றஞ்சனா நிற்கிறாள். தோளில் தவுடு. வந்த அன்று பின்னேரமே காய்ச்சலாம், தோட்டத்து மருந்துக்கு இறங்கவில்லை. "நீங்கதான் ஐயா எம் புள்ளன்னு சொன்னீங்க. எமனுக்குக் கேட்டுருச்சு. கறுப்பையா அண்ணன் இனி வாங்கப் பயப்படுறாரு. நீங்களே வாங்கிக்கங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். சந்திக்கு ஓடி மக்கீன் நானாவின் கடையில் தவிடு கேட்டேன். மாட்டுக்கா, கோழிக்கா என்றார். பிள்ளைக்கு என்றேன். தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிவிட்டேன். காய்ச்சல் இன்னும் நூற்றிரண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக த்ரீவீலர் நிற்கிறது. பொட்டைப் பற்றி எழுதினதை மற, வை. கடிதத்தைக் கிழிக்காதே. இன்றைக்கே நல்லூரில் ஓர் அர்ச்சனை செய். ஆரின்ரை பிள்ளை என்று ஐயர் கேட்டால், அண்ணையின்ரை பிள்ளை, என்ரை மருமகள் என்று சொல்லு. சத்தமாச் சொல்லு.