வேர்ப்பக்கம் வெளியே

பெய்ஜிங்கின் பழைய சந்துகளை, அவற்றின் பழமை இம்மியும் கெடாமல் புத்தம்புதிதாக்குவது என்று மேலிடம் தீர்மானித்த நவம்பரில், லுவான் குய்ஷியாங் வாசல் சுவரோரம் குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். வேர்ப்பக்கம் சுவரைப் பார்க்க அடுக்கி, மேலே ஒரு பழைய ரஜாயைப் போர்த்திவிட்டால் பிப்ரவரி வரை கவலையில்லை.

புத்துயிர் அலுவலகத்திலிருந்து மியாவ் என்ற அதிகாரி வந்தார்.

"அக்கா, இது பாதை ஆக்கிரமிப்பு. உடனே எடுங்க."

அவர் விரட்டிய விரட்டில் அவள் எல்லாவற்றையும் தாறுமாறாக இழுத்துப்போட்டாள். அத்தாட்சிக்கு அவர் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

சந்து ஜோராகிவிட்டது. மூன்று காபிக் கடை, போதாதற்குப் பூனையைக் கொஞ்சக் காசு வாங்கும் கடை ஒன்று. வாடகை ஏறிய ஏற்றத்தில் பதினொரு குடும்பங்கள் மெட்ரோவின் கடைசி ஸ்டேஷனுக்கும் அப்பால் போய் விழுந்தன. பிறகு ஆய்வுக் குழு வந்தது. "மக்கள் வாழும் மணம் போதவில்லை" என்று நூற்றுக்கு நாற்பத்தொன்று போட்டுவிட்டுப் போனது.

மியாவ் ஓடி வந்தார். "கோஸ் எங்கக்கா?"

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?"

"அது பழைய சுற்றறிக்கை."

புதிய சுற்றறிக்கைப்படி சந்துக்கு ஒரே ஒரு 'அங்கீகரிக்கப்பட்ட அசல் குடிவாசி'. அவருக்குப் பழைய வாடகையிலேயே வீடு. மற்றவர்கள் காலி செய்ய வேண்டியது. மிஞ்சியிருந்தது குய்ஷியாங்கும் எதிர்வீட்டு ஃபூவும்தான். தேர்வு, கோஸ் அடுக்கிக் காட்டுவது.

குய்ஷியாங் அடுக்கினாள். மியாவ் தேர்வுக் கையேட்டைப் புரட்டினார்.

"தப்புக்கா. வேர்ப்பக்கம் வெளியே இருக்கணும். அட்டைப்படத்தைப் பாருங்க."

"இது என் வாசல் சார். நீங்க விரட்டினப்போ நான் வீசிப்போட்ட கோஸ்."

"இருக்கலாம். நிபுணர் குழு அதை மரபுன்னு ஏத்துக்கிட்டாச்சு. மறுதேர்வு எழுதறீங்களா?"

மாட்டேன் என்று வீம்பு பிடிக்க அவளுக்கு வேறு வீடா இருக்கிறது? படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். எண்பது மார்க் வந்தது.

அடுத்து ஃபூ. அதே சந்தில் பிறந்து அறுபத்துமூன்று வருஷம் ஓட்டியவர். வேர்ப்பக்கம் சுவரைப் பார்க்க, கச்சிதமாக அடுக்கினார். மியாவுக்கே சந்தேகம் தட்டியது.

"அக்கா, நீங்க தேறினவங்க. இது சரியா?"

ஃபூ சிரித்தார். "நல்லா கேட்டீங்க. போன வருஷம் எனக்கு இடுப்பு பிடிச்சப்போ, இப்படி அடுக்கிக் கொடுத்ததே இவதான்."

குய்ஷியாங்குக்கு வெட்கமாக இருந்தது. கையேட்டை ஒருமுறை பார்த்தாள்.

"வெளியூர்க்காரங்க அடுக்கின மாதிரி இருக்கு சார்," என்றாள்.

மியாவ் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.