குளியலறைக் கதவும் அப்பாவின் நிரந்தர வீடும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் சித்தியும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் போன் செய்யத்தான் அம்மா சொன்னாள். போனை எடுத்தால் எனக்குப் பேச்சே வராது என்பது உங்களுக்குத் தெரியும். "வாய்தான் திறக்க மாட்டேங்குற, கையாவது வேலை செய்யட்டும்" என்று தாளைக் கொடுத்துவிட்டாள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் உங்கள் வீட்டுப் பின்னறையிலிருந்து அப்பாவின் கட்டிலைத் தயவுசெய்து வெளியே தூக்கிப் போட்டுவிடவும். பல் தேய்க்கும் பிரஷையும்தான். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாம் வரி.

அப்பா பாதி வருடம் அங்கே உங்களோடு லிஃப்ட் ரிப்பேர் செய்கிறார், பாதி வருடம் இங்கே எங்களோடு இருக்கிறார், இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இந்த வருடம் இரண்டு நாட்டு வரி அலுவலகங்களுக்கும் ஒரே சமயத்தில் அப்பா மேல் பாசம் பொங்கிவிட்டது. இவர் எங்கள் நாட்டில் வசிப்பவர், எங்களுக்குத்தான் வரி கட்ட வேண்டும் என்று இரண்டு பேரும் எழுதிவிட்டார்கள். பெண் பார்த்த காலத்தில்கூட இவருக்கு இவ்வளவு கிராக்கி இருந்ததில்லை என்றாள் அம்மா. ஆடிட்டரைப் போனில் பிடித்தோம். "நிரந்தர வீடு எங்க இருக்குன்னு பாப்பாங்கம்மா. ரெண்டு பக்கமும் இருந்தா, குடும்பம், வாழ்க்கை எல்லாம் எங்கன்னு பாப்பாங்க. இங்க வரி ஜாஸ்தி. இங்க இல்லன்னா இங்க கட்ட வேண்டாம். இருந்தாலும்..." என்று இழுத்தார். 'இருந்தாலும்' இல்லாமல் அவர் பேச்சு முடியாது. அதற்குள் அம்மா போனை வைத்துவிட்டாள்.

இங்குள்ள வரி ஆபீசர் வீட்டைப் பார்க்க வரும்போது அப்பா இங்கே வசிப்பதாகத் தெரியக் கூடாது என்று, அன்றைக்கே அப்பாவின் செருப்பு, மூக்குக் கண்ணாடி, அவர் உட்கார்ந்து பள்ளமான நாற்காலி எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. கல்யாணப் போட்டோவைக் கழற்றியதும் சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம் தெரிந்தது, அதன் மேல் அம்மா காலண்டரை மாட்டினாள். அப்பா விருந்தாளிபோல் கூடத்தில் பெட்டியோடு உட்கார்ந்தார். எங்கள் யாருக்கும் எடுக்காத நல்ல கோப்பையில் அவருக்கு டீ வந்தது. "இப்படிக் கவனிப்பேன்னா நான் என்னைக்கோ வெளிநாட்டுக்காரனா ஆயிருப்பேனே" என்றார். "ஆசையப் பாரு. ஆபீசர் போனதும் அந்தக் கோப்பைய நீங்கதான் கழுவணும்" என்றாள் அம்மா.

ஆபீசர் வந்தார். நான் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நூலே கோக்காமல் ஒரு ரவிக்கையைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றையும் நம்பி, எழுந்திருக்கும் நேரத்தில், குளியலறை எங்கே என்று கேட்டுத் தொலைத்தார். எங்கள் குளியலறைக் கதவுதான் உங்களுக்குத் தெரியுமே, உள்ளே போவது சுலபம், வெளியே வருவதற்குத்தான் பழக்கம் வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் வந்தது. அப்பாவை உட்காரச் சொல்லி அம்மா கண்ணை உருட்டினாள். ஆனால் கதவு சிக்கியிருக்கும்போது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கால் உட்கார முடியுமா? எழுந்து போய், பிடியை மேலே தூக்கி, கீழே காலால் ஒரு தட்டு தட்டி, தோளால் ஒரு இடி இடித்தார். கதவு திறந்தது.

"விருந்தாளிக்கு எப்படிங்க இந்த வித்தை தெரியும்?" என்றார் ஆபீசர்.

"தொழில் சார். கதவுன்னா கை சும்மா இருக்காது."

அதையும் நம்பிவிட்டார், பாவம். "அப்ப இவர் இங்க வசிக்கலன்னே எழுதிடறேன். ஆனா இனிமே வருஷத்துல சில வாரம்தான் வந்துட்டுப் போகணும், மாசக் கணக்குல தங்கக் கூடாது. சரிதானே?" என்றார். அம்மா சரி என்று தலையாட்டப் போனாள். அப்பா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியில்ல சார், இது அவர் வீடு" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். அதோடு நிற்கவும் இல்லை, "காலண்டரத் தூக்கிப் பாருங்க, அங்கதான் கல்யாணப் போட்டோ இருந்துச்சு" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் தூக்கிப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்ததை அடித்துவிட்டு, இங்கேதான் வசிக்கிறார் என்று எழுதினார். அவர் போனதும் அம்மா, "பள்ளிக்கூடத்துல வாத்தியார் பேரு கேட்டாக்கூட வாயத் திறக்காம வீட்டுக்கு வந்தவ, இன்னைக்குத்தான் திறக்கணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கோப்பையைக் கழுவினார்.

ஆக, அப்பா இங்கேதான் வசிக்கிறார் என்று ஆகிவிட்டது. அங்கேயும் அவருக்கு நிரந்தர வீடு இருக்கிறது என்று அந்த நாட்டு ஆபீசர்கள் சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். அதனால்தான் கட்டில். சித்திக்கு என் வணக்கம். கட்டிலைத் தூக்கும்போது உங்கள் இடுப்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: கட்டிலைத் தொட வேண்டாம். ஆடிட்டர் அந்த 'இருந்தாலும்'-ஐ முடிக்க இப்போது நேரிலேயே வந்தார். "இருந்தாலும், ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கும்மா, அங்க கட்டினத இங்க கழிச்சுக்கலாம், உள்ளத உள்ளபடி சொல்லுங்கன்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள வெச்சுட்டீங்க" என்றார். மிச்சம் கட்ட வேண்டியது கொஞ்சம்தானாம். நாற்காலி திரும்பி வந்துவிட்டது. குளியலறைக் கதவைச் சரிசெய்ய அப்பா ஸ்பேனரோடு போனார். "அதுல கை வெச்சீங்கன்னா தெரியும், நீங்க இந்த வீட்டு ஆளுன்னு சொல்ல அடுத்த வருஷமும் அது வேணும்" என்று அம்மா ஸ்பேனரைப் பிடுங்கி ஒளித்துவிட்டாள். குளியலறைக்குப் போன ஆடிட்டர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.