ஊதுபத்தி சார் கட்டிய கெஸ்ட் ஹவுஸ்

திருவண்ணாமலையில் ஊதுபத்தி கொளுத்திவிட்டுச் சாமி கும்பிடாத ஒரே ஆசாமி எங்கள் ஊதுபத்தி சார்தான்.

சோலாரில் ஓடும் வீடு, சூடு தங்காத வீடு என்று பிளான் போடும் இன்ஜினியர் அவர். நான் அவரிடம் வரைபடம் போட்டவன். மனைக்குப் போனால் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஊதுபத்தியைக் கொளுத்துவார். புகை போகும் பக்கம் பார்த்து ஜன்னலுக்கு இடம் குறிப்பார். எங்கள் ஆபீசில் ஏசி கிடையாது. சித்திரை வெயிலில் எங்களுக்கு வேர்த்து ஊற்றும். காற்று வரும், பொறுங்கள் என்பார். காற்றுக்கு அந்தத் தகவல் போய்ச் சேராது.

அந்த வருஷம் கையில் இருந்தது ஒரே வேலை. செங்கம் ரோட்டில் கோமதியம்மாவின் கெஸ்ட் ஹவுஸ். எல்லா ரூமுக்கும் ஏசி வேண்டும் என்று அந்தம்மா. மொட்டை மாடியில் சோலார் பலகையைத் தூக்கி வைத்தால் கரண்டுக்குக் கரண்டு, நிழலுக்கு நிழல், ஏசி எதற்கு என்று இவர். நேரில் வந்து பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன் என்றுவிட்டார் அந்தம்மா. இது போனால் ஆபீசை இழுத்து மூட வேண்டியதுதான்.

அவர் வந்த அன்று பார்த்துப் பௌர்ணமி. பாதி எழும்பிய சுவர்களுக்கு நடுவே தாடியும் புகையுமாக சார். அந்த வழியாகக் கிரிவலம் போகிறவர்கள் சும்மா விடுவார்களா? செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒருவர் வாழைப்பழச் சீப்பே வைத்துவிட்டார். கோமதியம்மா வந்தார், பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“இத்தினி நாளு தெரியாம பேசிட்டேன் சாமி. நீங்க சொல்றபடியே கட்டிடலாங்க.”

பிழைத்தோம் என்று நான் ஒரு பழத்தை உரித்தேன். மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா?

“நான் சாமி இல்லம்மா. காத்து எப்படிப் போவுதுனு பாக்குறேன். நீங்களே புடிச்சுப் பாருங்க.”

அந்தம்மா ஊதுபத்தியோடு சமையலறைப் பக்கம் போய் நின்றார். புகை நேராக விருந்தாளி ரூமுக்குள் போனது.

“இங்க தாளிச்சா, அங்க படுத்திருக்கிறவன் தும்முவானேங்க?”

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஆமாம்மா. என் தப்புதான். மாத்திடுறேன்.”

பழம் எனக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. கோமதியம்மா ஊதுபத்தியைச் சாரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“தப்புன்னா ஒத்துக்குற இன்ஜினியரு எங்க கெடைக்கிறாரு? நீங்களே கட்டுங்க.”

ஆனாலும் நாலு ரூமுக்காவது ஏசி வேண்டும் என்றார். சார் ஒன்றில் நின்றார். கத்தரிக்காய் பேரம் மாதிரி இழுத்து, இரண்டில் முடிந்தது.

சார் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. நான் ஏசி ஆபீசில் சளி பிடித்துக் கிடக்கிறேன். வீட்டில் ஊதுபத்தி ஏற்றினால் என் கண் சாமி படத்துக்குப் போகாது, புகை போகும் பக்கம் போகும். அந்த மனுஷன் நல்லா இருக்கணும் என்றுதான் முதலில் வேண்டிக்கொள்கிறேன்.