சார்ஜ் இறங்காத பற்றரி

பற்றரியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் ஸ்ரனிஸ்லஸுக்குச் சார்ஜ் இறங்கவே இறங்காது. பிரான்சிலிருந்து தம்பி கமரா அனுப்பின நாளிலிருந்து மனுசி ஜெயரூபினிக்கு ஒரே வகுப்புத்தான்.

"புதுசையும் பழசையும் கலந்து போடாதை! முனையைத் துணியாலை துடை! கமராத் திரையைச் சும்மா எரியவிடாதை! பிளாஷ்தான் சார்ஜைக் குடிக்கிறது!"

அவளும் மீன் வெட்டிக்கொண்டே "ஓம், ஓம்" என்பாள். காதில் விழவில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

இப்படிப்பட்ட விண்ணனின் கமரா, போன வருசம் ஜெயரூபினியின் தம்பி கலியாணத்தில் இரண்டாவது படத்தோடு செத்துப்போனது. அடுத்த நிமிசம் ஆள் முதல் பந்தியில்! தாலி கட்டின படமே இல்லையென்று அவள் அழுதாளே, அது இவனுக்கு ஏறவேயில்லை.

இப்போது அவளுடைய அக்காவின் மகள் பிரியந்தினிக்கு முதல்நன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கிடாய் அடித்திருந்தார்கள். கறி வாசம் தெருவால் திரும்பும் ஒழுங்கை முடக்குவரை வந்து ஆளை இழுத்தது. ஸ்ரனிஸ்லஸ் என்ன செய்திருந்தான் தெரியுமோ? நிறைச் சார்ஜ் பற்றரிகளை அலுமாரியில் தான் கட்டுற சாரத்துக்குள் சுருட்டி ஒளித்துவிட்டு, சாகக் கிடந்த பழசுகளைக் கமராவில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கள்ளன்!

கோவிலால் திரும்பி வந்த பிள்ளையைப் பந்தலுக்குள் நிற்பாட்டி இரண்டு படம். கமரா கண்ணை மூடியது.

"ஐயோ, சார்ஜ் முடிஞ்சுது! நான் என்ன செய்யிறது?" முகத்தைத் தொங்கப்போட்டபடி பந்திப் பக்கம் நழுவினான்.

"நில்லுங்கோப்பா." ஜெயரூபினி தன் பையைத் திறந்தாள். கைதுடைக்கிற லேஞ்சிக்குள் சுற்றின பற்றரிகள்! "சாரத்துக்குள்ளை ஒளிச்சிருந்தவை. முனையும் துடைச்சுத்தான் கொண்டு வந்தனான்."

வேறு வழியில்லாமல் வாங்கிக் கமராவில் போட்டான். சரி, இந்தச் சார்ஜையும் குடித்து முடிப்போம் என்று படத்துக்குப் படம் பிளாஷ் அடித்தான்.

"நல்ல வெளிச்சம்தானே, பிளாஷ் ஏன்? நிப்பாட்டுங்கோ."

"திரை எரிஞ்சால்தானே படம் தெரியும்..." என்று அவன் திரையை எரியவிட்டான்.

"அதையும் நிப்பாட்டுங்கோ. கமரா ஓட்டைக்குள்ளாலை பாத்து எடுங்கோ. நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்!"

பெரியம்மா, சித்தப்பா, சமையல்காரர், சமையல்காரரின் மனுசி... யாரையும் அவள் விடவில்லை. பந்திக்கு மேல் பந்தி எழும்பியது. எலும்பு கடித்துக்கொண்டு சிரித்தவர்களையும் அவன்தான் எடுத்தான், வாயூறி வாயூறி. பாழாய்ப்போன பற்றரி அசையவில்லை.

கடைசியில் சோத்துக் கோப்பையோடு குசினிக்கு ஓடினான். கறிச்சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. சோறும் பருப்பும்தான் மிச்சம்.

"எனக்கொரு துண்டு கறியும் எடுத்து வைக்கேல்லையோ?" அழாக்குறையாகக் கேட்டான்.

ஜெயரூபினி கமராவை வாங்கி, திரையை எரியவிட்டு, அவன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கறி முழுக்க இதுக்குள்ளை இருக்குது. பாத்துப் பாத்து ஆறுதலாச் சாப்பிடுங்கோ, சார்ஜ் இன்னும் கிடக்கு."