பெருகாத நத்தை வேண்டும்

மனிதர்களையும் நத்தைகளையும் ஒரே கேள்விகள் கேட்டு வீட்டுக்குள் சேர்க்கிற பெண்மணி இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஓனரம்மா. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு நாங்கள் குடிவந்தபோது எங்களுக்குக் கல்யாணமான புதிது. அவருக்கென்று ஒரு பெயர் இல்லாமலா இருக்கும்? கேட்கிற தைரியம்தான் தெருவில் யாருக்கும் வந்ததில்லை.

வீடு பார்க்கப் போன அன்று என்னையும் மனைவி கலாவையும் நிற்கவைத்தே விசாரித்தார். "சத்தம் வருமா? சண்டை வருமா? மிச்சம் வைக்காம சாப்பிடுவீங்களா?" எல்லாவற்றுக்கும் பவ்யமாகப் பதில் சொன்னோம். கடைசியில் விரலை நீட்டினார். "ரெண்டு பேர்னா ரெண்டே பேர்தான். பெருகக் கூடாது." அதற்கும் தலையாட்டினேன். பெங்களூரில் வீடு தேடி அலைந்தவன் எதற்கும் தலையாட்டுவான்.

அவர் ஹாலில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதில் மீனைவிடச் செடிதான் அதிகம். அடியில் பரப்பியிருந்த சரளையில் தீனி மிச்சமும் கழிவும் போய்த் தங்கும். குழாய் விட்டு உறிஞ்சினால் அழுக்கோடு செடியும் வேரோடு வந்துவிடும். ஆகவே சரளையைச் சுத்தம் பண்ண ஒரு ஜீவனைத் தேடிக்கொண்டே இருந்தார்.

முதலில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் வந்தது. விரல் நீளத்தில் வந்த பிராணி முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, செடிகளைப் பிடுங்கிப் போட்டது. "சுத்தம் பண்ண வந்ததாம்! இருக்கிறதுலயே ஜாஸ்தி அசிங்கம் பண்றது இதுதான்" என்று பக்கெட்டோடு கடைக்கே திருப்பி அனுப்பினார்.

அடுத்து சிவப்பு இறால்கள். இலை இலையாகத் துடைத்தனவே தவிர, சரளைக்குள் இறங்கவில்லை. "துரைங்க மேல் வேலை மட்டும்தான் பார்ப்பாங்களாம்." இவர் காலி பண்ணச் சொல்வதற்குள் தொட்டியிலிருந்த ஏஞ்சல் மீன் அவற்றைத் தின்றுவிட்டது. பிறகு மீசை வைத்த கோரி மீன்கள். இவை நிஜமாகவே உழைத்தன. ஆனால் அந்தக் கூரான சரளையைக் கிளறிக் கிளறி மீசை தேய்ந்துபோயிற்று. "பாவம்ப்பா, வாயில்லா ஜீவன்" என்று அவற்றையும் கடையிலேயே கொண்டுபோய் விட்டார். ஓனரம்மா வாயில் 'பாவம்' என்ற வார்த்தை வந்ததே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கடைசியில் பிரேசர் டவுன் மீன் கடை பாய், திருகாணி மாதிரி நீளமான ஒரு நத்தையைக் காட்டினார். பகலெல்லாம் சரளைக்குள்ளேயே புகுந்து கிளறிக்கொண்டிருக்குமாம், இருட்டினால்தான் வெளியே வருமாம். "ஒண்ணே ஒண்ணு கொடு. ஜோடி இருந்தாத்தானே பெருகும்?" என்றார் ஓனரம்மா. பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

நத்தை பிரமாதமாக வேலை செய்தது. "சத்தமில்ல, சண்டையில்ல. இப்படி ஒரு டெனன்ட் எனக்கு அமைஞ்சதே இல்ல" என்று என் முகத்தைப் பார்த்தபடியே சொல்லுவார். சரி, போகட்டும்.

இந்த நேரம் பார்த்துக் கலாவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும். டாக்டர் கைகுலுக்காத குறையாக விஷயத்தைச் சொன்னார். சந்தோஷம் ஒரு பக்கம், ஓனரம்மா நீட்டிய விரல் ஒரு பக்கம். பிள்ளை வரும் நேரத்தில் வீடு போனால் எங்கே போவது?

"ஓனரம்மாகிட்ட யார் சொல்றது?" என்றேன்.

"தலையாட்டினது நீங்கதானே? நீங்களே சொல்லுங்க" என்றாள் கலா.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நாள் இருட்டும் நேரத்தில் கீழேயிருந்து அலறல். "ஏம்ப்பா! ஓடி வா இங்க!" போனால், தொட்டிக் கண்ணாடி முழுக்க அரிசி அரிசியாகக் குட்டித் திருகாணிகள்.

"ஒத்தையாத்தானே கொண்டாந்தேன்! எப்படிப்பா பெருகிச்சு?" பெருகிச்சு என்ற சொல்லைக் கேட்டதும் நான் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன்.

ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "அரே ஆன்ட்டி, அதுக்கு ஜோடியே வேணாம், தன்னால குட்டி போடும். நீங்க மீனுக்குத் தீனி ஜாஸ்தி போடுறீங்க. மிச்சத்தைத் தின்னு பெருகிருச்சு" என்ற பாய், வரி போட்ட வேறொரு நத்தையை எடுத்துக் காட்டினார். "இதை விடுங்க. அந்தக் குட்டி அத்தனையையும் தின்னு காலி பண்ணிரும்."

ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "என்னப்பா சொல்ற? ரூல்ஸ்னா ரூல்ஸ்தானே?"

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. "வேணாம் ஆன்ட்டி! பாவம், சின்னஞ்சிறுசுங்க. ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. திடீர்னு காலி பண்ணச் சொன்னா எங்க போகும்?" சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நத்தைக்காக அழுகிற ஆளைப் பாய் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

ஓனரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"சும்னே நத்தைக்கு வக்காலத்து வாங்காத. அவளுக்கு எத்தனாவது மாசம்?"

"யாருக்கு ஆன்ட்டி?" என்றேன்.

"காலங்காத்தால மேல வாந்தி எடுத்தா கீழ கேக்காதா? நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்துட்டே இருக்கேன், நீ வாயைத் திறந்தாத்தானே! இனிமே மூணு பேர்னா மூணே பேர்தான். ஆய்த்தா, சரியா?"

வரி போட்ட நத்தையை அவர் வாங்கவில்லை. மீன்களுக்குத் தீனி பாதியானது. மாடிக்குத் தினமும் ரசமும் ஊறுகாயும் ஏறின.

மகள் பிறந்து நடக்க ஆரம்பித்த சமயம் என் ஆபீஸ் வொயிட்ஃபீல்டுக்கு மாறியது. டிராஃபிக்கில் ஏன் சாகிறாய், அங்கேயே வீடு பார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கலாவும் போய்ப் பார்த்தோம். எல்லாம் நல்ல வீடுகள்தான். எந்த வீட்டுக்குக் கீழேயும் ஓனரம்மா இல்லை.