சகலையின் வயிறு தொடர்பாக

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

என் வீட்டில் என் மரியாதையைக் கெடுத்தது உங்கள் வயிறு. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கப்போவதில்லை. சட்டை இல்லாமல் நீங்கள் அனுப்பிய படத்தில் ஆறு கட்டமாகத் தெரிகிறது உங்கள் சுகம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் சொந்தம் முழுக்கப் படிக்கும் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

அந்தப் படத்துக்குக் கீழே, "ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம், நம்ம உடம்போட எடையே போதும், ஆறே வாரம்" என்று போட்டு, பயிற்சிகளையும் வரிசையாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்கென்ன, நாள் முழுக்க நாற்காலியில் வேலை, ஐந்து மணிக்கெல்லாம் வீடு, அப்புறம் வயிற்றைக் கொஞ்சிக்கொண்டிருக்க நேரம். நான் காலை ஆறு மணியிலிருந்து கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். தூக்குகிறவனுக்குத் தொந்தி, உட்கார்ந்திருப்பவனுக்குக் கட்டம். இது எந்த ஊர் நியாயம்? என் மனைவி அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். "என்னடி அப்படிப் பாக்குற?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க. குடுத்து வச்சவ என் தங்கச்சி" என்றாள். பெருமூச்சு வேறு. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என்னை ஒரு தடவையாவது அவள் விரித்துப் பார்த்ததுண்டா?

மறுநாளே தொடங்கிவிட்டேன். எங்கள் ஒற்றை அறை வீடு உங்களுக்குத் தெரியும், வாசலில் நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்தானே. கட்டில், பீரோ, தையல் மெஷின், மகளின் மேசை எல்லாம் போக மிச்சம் ஒரு ஆள் அகலச் சந்து. அதில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, தரையில் படாமல் இறக்க வேண்டும் என்றீர்கள். தூக்கும்போது மெஷினில் இடித்தது, இறக்கும்போது அடுப்படி டப்பாக்கள் சரிந்தன. அடுத்தது, முழங்கையால் எதிர்ப்பக்க முழங்காலைத் தொடுவது. வலது பக்கம் தொட்டேன். இடது பக்கம் பீரோ நிற்கிறது. ஆகவே இன்றைய தேதிக்கு எனக்கு ஒரு பக்கம் மட்டும் பலமான வயிறு. மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, மருந்தடிச்சா கரப்பான்பூச்சியும் இப்படித்தானே பண்ணும்?" என்று கேட்டாள்.

கடைசியில் அந்த பிளாங்க். முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில், மற்றதெல்லாம் பலகை மாதிரி நேராக. நேரம் பார்க்கப் போன் வேண்டும், போன் மகளின் பாடத்துக்குப் போய்விட்டது. என் மனைவிதான் யோசனை சொன்னாள். "குக்கர் வச்சிருக்கேன், ஒரு விசில் வர்ற வரைக்கும் அப்படியே நில்லுங்க." சொல்லிவிட்டுத் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். நின்றேன். உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றேன். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டித் தரையில் குட்டை கட்டியது, விசிலைக் காணோம், உயிர் போனாலும் போகட்டும் இந்த மனுஷனுக்குத் தோற்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். "என்னம்மா, விசில் வருமா வராதா, பாரேன்" என்று மகளிடம் முனகினேன். "அடுப்பே எரியலையேப்பா" என்றாள். கேஸ் தீர்ந்து எவ்வளவு நேரமாயிற்றோ. அப்படியே மோவாய் மோத விழுந்தேன்.

இரண்டு நாள் கிடங்கில் குனிய முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து மேஸ்திரி, "என்னப்பா, எத்தனாவது மாசம்?" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். உடம்பை வேலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவனிடம், வீட்டில் வந்து வளர்க்க எந்த உடம்பு மிச்சம் இருக்கும்?

ஆகவே, இனி செத்தாலும் அந்தப் பயிற்சி கிடையாது. நீங்கள் இன்றைக்கே அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டும், இனிமேல் சட்டையோடு மட்டுமே குழுவுக்கு வர வேண்டும். மூத்தவன் என்ற முறையில் உங்களுக்கும் என் கொழுந்தியாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். வயிற்றுக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. "அவரு வயித்த யாருங்க பாத்தா?" என்றாள். போனில் அந்தப் படத்தைத் திறந்து, விரித்து, உங்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பின்னால் இருந்ததைக் காட்டினாள். கதவிலிருந்து ஜன்னல் வரை வெறும் தரை. "ஒரு ஆளு கைகாலெல்லாம் நீட்டிப் படுத்தாலும் எவ்ளோ எடம் மிச்சம் கெடக்கும் பாருங்க. நம்ம புள்ள ஒரு நாளாவது வீட்டுக்குள்ள ஓடியிருக்காளா?" படத்தை எடுக்க வேண்டாம், சகலை. அவள் பார்த்துக்கொள்ளட்டும். வயிற்றுக்கு வழி சொன்ன நீங்கள், அந்த மாதிரித் தரைக்கும் ஒரு வழி எழுதுங்கள்.