இழுத்தால் விட்டுவிடும் பிரேக்

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாவிட்டால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. கையைக் காலை ஆட்டிச் சமாளித்துவிடலாம். பாதி தெரிந்தால்தான் வம்பு. டெல்லிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சில வருடங்களில் என் இந்தி அந்த நிலைக்கு வந்திருந்தது. கத்தரிக்காய் பேரம் பேசுவேன். பால்காரரோடு சண்டை போட்டு ஜெயிப்பேன். அந்தத் தைரியத்தில்தான் ஓர் அரசாங்க இன்ஸ்பெக்டரைச் சரிவில் உருளவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். மோதி பாக்கில் அரசாங்கக் குடியிருப்பு. என் கணவர் சேது மத்திய அரசில் இன்ஜினியர். வம்புதும்புக்குப் போகாத மனிதர். அப்படிப்பட்டவர், நாடு திரும்பிய ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கரும்பச்சை நிறம். இரண்டே இருக்கை. கூரை கிடையாது (இருந்ததாம், எலி தின்றுவிட்டது). அவரைவிட வயதில் மூத்த வண்டி. தரையோடு தரையாக இருக்கும். அதில் உட்கார்ந்தால் பக்கத்தில் போகிற சைக்கிள்காரரின் முழங்கால்தான் கண்ணில் படும். ஒரு காய்கறிப் பை வைக்க இடமில்லை. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது.

வண்டியை அவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் போக்குவரத்து அலுவலக மைதானத்துக்குக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாவற்றையும் அவர் சோதித்துப் பார்த்துச் சரி என்றால்தான் ஆயிற்று. முதல் தடவை போனபோது ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி சரிவில் நிற்கவில்லை. சரிசெய்து கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். நான் கறாராகச் சொன்னேன், அடுத்த தடவையும் தேறாவிட்டால் வண்டி காயலான் கடைக்குத்தான் என்று. சேது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சம்மதித்தார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கால்களை மட்டும்தான் நான் பார்த்தேன். மீதி வண்டிக்கு அடியில் இருக்கும். பிரேக்குக்குப் புதுக் கம்பி போட்டார். எல்லாம் தயார். சோதனைக்கு முந்தின நாள் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் அது கிளம்பும். அன்றைக்குக் கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் துள்ளி அவர் மணிக்கட்டை முறித்துவிட்டது. வலது கையில் மாவுக்கட்டு.

"வசந்தா, நாளைக்கு நீதான் ஓட்டணும்" என்றார், ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கல்யாணத்துக்கு முன்பே மதுரையில் அப்பாவுடைய அம்பாசடரில் ஓட்டிப் பழகி லைசென்ஸ் எடுத்தவள் நான். வேண்டுமென்றே சொதப்பிவிட்டால் சனியன் ஒழியும் என்று ஒரு யோசனை ஓடியதை மறைப்பானேன். ஆனால் மறுநாள் காலை அக்கம்பக்கத்தார் தள்ளிவிட, ஸ்வெட்டர் மேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரிங் ரோட்டில் ஏறினேன் பாருங்கள். குளிர் காற்று முகத்தில் அறைந்தது. வண்டி நான் நினைப்பதற்கு முன்பே திரும்பியது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது காயலான் கடைக்குப் போகக் கூடாது.

பக்கத்தில் கட்டுப்போட்ட கையோடு சேது பாடம் நடத்திக்கொண்டே வந்தார். அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் மற்ற வண்டிகளைப் போல் இல்லை. பந்தயக்காரர்கள் சட்டென்று கிளம்புவதற்காக அப்படிச் செய்ததாம். "இழுத்துட்டு, நுனியில இருக்கிற பொத்தானை அமுக்கினாத்தான் பிடிக்கும். பிடிச்சதுக்கப்புறம் சும்மா இழுத்தா விட்டுரும். ஞாபகம் வச்சுக்க."

இன்ஸ்பெக்டர் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், கழுத்தில் மஃப்ளர். விளக்கைப் பார்த்தார், ஹாரனை அடித்தார், தலையாட்டினார். பிறகு மைதானத்து ஓரத்தில் இருந்த சரிவைக் காட்டினார். ஏற்றினேன். பிரேக்கை இழுத்துப் பொத்தானை அமுக்கினேன். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. சேதுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இன்ஸ்பெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. போன தடவை நிற்காத வண்டியாயிற்றே. தானே பார்க்கிறேன் என்று ஒரு காலை உள்ளே விட்டார், இடுப்பை வளைத்தார், மிச்சத்தை அப்படியே உள்ளே போட்டார். ஸ்டியரிங் அவர் தொந்தியில் புதைந்தது. கை ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் போயிற்று.

இழுக்காதீர்கள் என்று நான் சொல்ல வேண்டும். இந்தியில் 'கீஞ்சோ' என்றால் இழு. 'மத்' என்றால் வேண்டாம். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் தமிழில் நாம் எதையும் முதலில் சொல்லிவிட்டுத்தானே கடைசியில் வேண்டாம் என்போம்?

"கீஞ்சோ..." என்று கத்தினேன். மூச்சு வாங்கியது. "மத்."

நடுவில் இருந்த அந்த மூச்சில் அவர் இழுத்துவிட்டார். சும்மா இல்லை, அரசாங்க பலத்தோடு.

வண்டி பின்பக்கமாகக் கிளம்பியது. அவர் முகத்தில் பயம்கூட இல்லை. சொன்னதைத்தானே செய்தேன் என்கிற குழப்பம்தான் இருந்தது. சேது ஒரு கையால் பானெட்டைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அடிவாரத்தில் வரிசையாக ஆட்டோக்கள். அவற்றுக்கு முன்னால், தனியாக, துடைத்து வைத்த ஒரு ஸ்கூட்டர். அதற்கு ஒரு சாண் தூரத்தில் இன்ஸ்பெக்டரின் கால் எப்படியோ கால் பிரேக்கைக் கண்டுபிடித்தது. வண்டி குலுங்கி நின்றது.

ஸ்கூட்டர் அவருடையது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அவரால் வெளியே வர முடியவில்லை. இரண்டு ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு அக்குளைப் பிடித்துத் தூக்கினார்கள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். இந்தி வரவில்லை, தமிழும் வரவில்லை. ஜெயிலுக்கு ஸ்வெட்டர் கொண்டுபோக விடுவார்களா என்று யோசித்தேன். சேது பிரேக்கின் கதையை விளக்கி, இடது கையால் போட்டும் எடுத்தும் காட்டினார். இன்ஸ்பெக்டர் மஃப்ளரைச் சரிசெய்தபடி கேட்டார். மறுபடியும் என்னைச் சரிவில் ஏற்றச் சொன்னார். ஆட்டோக்காரர்கள் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். இந்தத் தடவை வெகுதூரத்தில் நின்று பார்த்தார். வண்டி நின்றது.

கால் பிரேக்கைத் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை, அது ஆயிற்று என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சேதுவின் மாவுக்கட்டைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஆப் இஸே ஹாத் மத் லகாயியே. மேடம் கோ சலானே தீஜியே."

நீங்கள் இதைத் தொடாதீர்கள், அம்மா ஓட்டட்டும் என்று அர்த்தம். ('மத்'தை எவ்வளவு அழகாக, வினைக்கு முன்னாலேயே வைத்தார்!)

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் சேது அதை அரசாங்க உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். வண்டி அவர் பெயரில் இருந்தது. கடைசிவரை ஓட்டியது நான்தான்.

எங்கள் மகள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் புனேவுக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி வீட்டார் இந்திக்காரர்கள். அவர்களுக்கும் புரியட்டுமே என்று இந்தியிலேயே தேற்றப் போனேன். "ரோவோ..." என்றேன், அழு என்று. மிச்சத்தைச் சொல்வதற்குள் நானே முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அம்மா, மத் ஃபர்ஸ்ட்."